படித்ததற்கு மறுமொழி எழுதும் முறை

எங்கள் வாசகர் வட்டம் பாலக்காடு மாவட்டத்தின் கிழக்கு ஓரத்தில், கொழிஞ்சாம்பாறைப் பக்கத்து வாயனசாலை (நூலகம்) ஒன்றில் கூடுகிறது. வட்டத்தார் எழுதும் கட்டுரை, கதை, கவிதை ஆகியவற்றைத் தொகுத்து ஒரு கையெழுத்துப் பத்திரிகையாகச் சுற்றுக்கு விடுகிறோம். அதன் கடைசித் தாள்கள், படிப்பவர்கள் மறுமொழி எழுதுவதற்கென்றே வெறுமையாக விடப்பட்டிருக்கும். இதழ் கைமாறிக் கைமாறித் திரும்பி வரும்போது அத்தாள்களில் ‘அருமை’, ‘மிக நன்று’, ‘நெஞ்சைத் தொட்டது’, ‘தொடர்ந்து எழுதுங்கள்’ என்பனவே பெரும்பாலும் நிறைந்திருக்கும். எழுதியவருக்கு அவை ஒரு மாலைப்பொழுது மகிழ்ச்சி தரும். அடுத்த கட்டுரையை எழுத உட்காரும்போது எந்த உதவியும் தரமாட்டா. உதவும்படியான மறுமொழியை எழுத விரும்புகிறவர்களுக்காக இந்தக் குறிப்புகளை எழுதுகிறேன். அச்சிதழுக்கு அனுப்பும் வாசகர் கடிதத்துக்கும், எழுத்தாளருக்கு நேரே எழுதும் கடிதத்துக்கும் இதே முறை பொருந்தும்.

எழுதி முடித்த மறுமொழி தேறுமா, தேறாதா என்று அறிய எளிய சோதனை ஒன்று உண்டு. அதை அப்படியே எடுத்து, அதே இதழில் உள்ள வேறொரு கட்டுரையின் அடியில் ஒட்டிப் பாருங்கள். அங்கும் பொருந்துகிறது என்றால் நீங்கள் இன்னும் எதுவும் சொல்லவில்லை என்று பொருள். ‘நடை சரளமாக இருந்தது’ என்பது எதற்கும் பொருந்தும். ‘நான்காம் பத்தியில் மாட்டுச் சந்தையில் துண்டுக்குள் கைவிட்டு விலை பேசுவதை விவரித்த இடத்தில், விலையைச் சொல்லாமலே விட்டுவிட்டது நன்றாக இருந்தது’ என்பது அந்த ஒரு கட்டுரைக்கு மட்டுமே பொருந்தும்.

இப்படி எழுத வேண்டுமானால் முதலில் படிக்கும் முறை மாற வேண்டும். முதல் வாசிப்பைக் கையில் பேனா இல்லாமல், மறுமொழி எழுத வேண்டும் என்ற நினைப்பே இல்லாமல் முடியுங்கள். இரண்டாம் வாசிப்பில் ஒரு துண்டுத் தாளை வைத்துக்கொண்டு, நின்று யோசிக்க வைத்த இடங்களையும், ஐயம் எழுந்த இடங்களையும், எழுதியவரைவிட உங்களுக்குக் கூடுதலாகத் தெரிந்த இடங்களையும் பக்க எண்ணோடு குறித்துக்கொள்ளுங்கள். குறிப்புகள் ஏழெட்டு சேரலாம். அவற்றில் ஒன்றையோ இரண்டையோ மட்டும் எடுத்துக்கொண்டு மற்றவற்றை விட்டுவிட வேண்டும். எல்லாவற்றையும் கொட்டிவிடும் மறுமொழியைப் படிக்கும் எழுத்தாளர், எதைத் திருத்துவது என்று தெரியாமல் எதையுமே திருத்தமாட்டார். பெரும்பாலும் மூன்றாவது வகையில், அதாவது உங்களுக்குக் கூடுதலாகத் தெரிந்த இடத்தில்தான், உங்கள் மறுமொழியின் உயிர் இருக்கும். ஏனெனில் அதை வேறொருவர் எழுத முடியாது.

ஓர் எடுத்துக்காட்டை நெருங்கிப் பார்ப்போம். தமிழ்நாட்டின் ஆளியாற்றிலிருந்து நம் பாலக்காடு மாவட்டத்துச் சித்தூர்ப் புழைக்கு (ஆற்றுக்கு) வர வேண்டிய நீரைப் பற்றி ஒருவர் கட்டுரை எழுதுகிறார் என்று வைத்துக்கொள்வோம். பரம்பிக்குளம்–ஆளியாறு ஒப்பந்தம் 1970-ஆம் ஆண்டு மே மாதம் கையெழுத்தானது என்றும், அதன்படி கேரளத்துக்கு ஆண்டுக்கு 7.25 டி.எம்.சி., அதாவது 725 கோடி கன அடி நீர் தரப்பட வேண்டும் என்றும், அந்த நீர் சரியாக வந்தால் நம் பகுதியின் குறை தீரும் என்றும் அவர் வாதிடுகிறார். இதற்கு மூன்று விதமான மறுமொழிகள் வரக்கூடும்.

முதலாவது, ‘உழவர்களின் வேதனையைக் கண்முன் நிறுத்திய கட்டுரை, வாழ்த்துகள்’ என்பது. மேலே சொன்ன சோதனையில் இது தோற்றுவிடும். இரண்டாவது, ‘தண்ணீர் விஷயத்தில் அவர்கள் எப்போதும் இப்படித்தான்’ என்று தொடங்கி, முல்லைப் பெரியாறு, 1886-ஆம் ஆண்டுக் குத்தகை, 999 ஆண்டுகள் என்று வளர்ந்து, பக்கம் முடியும்வரை ஓடுவது. மூன்றாவது பின்வருமாறு இருக்கும்: ‘ஐயா, நீங்கள் குறிப்பிட்ட 7.25 டி.எம்.சி. என்பது ஜூலை முதல் நாளிலிருந்து மறு ஆண்டு ஜூன் 30 வரை மணக்கடவு அணைக்கட்டில் அளக்கப்படும் மொத்த அளவு. எங்கள் வயல் கால்வாயின் கடைமடையில் இருக்கிறது. ஆண்டுக் கணக்கு நிரம்பினாலும், மழைக்காலத்தில் ஆற்றோடு போய்விட்ட நீர் எங்களுக்குப் பயன்படுவதில்லை. இரண்டாம் போகம் கதிர் பிடிக்கும் நேரத்தில் மதகு திறந்தால்தான் பயன். ஆகவே எவ்வளவு வந்தது என்பதோடு எந்த மாதத்தில் எவ்வளவு வந்தது என்பதையும், மூலத்தறைத் தடுப்பணையிலிருந்து எந்தக் கால்வாய்க்கு எத்தனை நாள் விடப்பட்டது என்பதையும் சேர்த்து எழுதுவீர்களா?’

இந்த மூன்றாவது மறுமொழி செய்யும் வேலைகளைக் கவனியுங்கள். எழுதியவர் தந்த ஓர் எண்ணையே பற்றிக்கொண்டு தொடங்குகிறது. ஆகவே கட்டுரையைப் படித்துவிட்டுத்தான் பேசுகிறார் என்பது ஐயமின்றித் தெரிகிறது. அந்த எண் எங்கே, எந்தக் காலக்கணக்கில் அளக்கப்படுகிறது என்ற ஒரு செய்தியைக் கூட்டுகிறது. தன் வயல் கடைமடையில் இருப்பதைச் சொல்லி, எந்த இடத்தில் நின்று பேசுகிறார் என்பதைக் காட்டுகிறது. இறுதியாக, எழுதியவர் விடை தேடிப் போகக்கூடிய ஒரு கேள்வியைக் கேட்கிறது. பாராட்டுச் சொல் ஒன்றுகூட இதில் இல்லை. ஆயினும் எழுதியவருக்கு இதைவிடப் பெரிய மதிப்பை யாரும் அளித்துவிட முடியாது என்றே நான் கருதுகிறேன். அவருடைய அடுத்த கட்டுரைக்கான பொருளே இதில் அடங்கியிருக்கிறது.

இரண்டாவது மறுமொழியைப் பற்றித் தனியே சொல்ல வேண்டும், ஏனென்றால் எல்லைப்புறத்தில் இருக்கும் நமக்கு அது எளிதில் வரும் நோய். நூலுக்கு ஆகாத பத்துக் குற்றங்களைப் பட்டியலிடும் பவணந்தி முனிவர், அவற்றுள் ஒன்றாக ‘மற்றொன்று விரித்தல்’ என்பதை நன்னூலில் வைத்திருக்கிறார். எடுத்த பொருளை விட்டுவிட்டு வேறொன்றை வளர்த்துக்கொண்டு போவதே அக்குற்றம். நீர், மொழி, பேருந்து, ரேஷன் அட்டை என்று எதைப் பற்றி எழுதினாலும், ஏதோ ஒரு பழைய மனக்குறை நம் வாயில் தயாராக இருக்கிறது. அது நியாயமான குறையாகவே இருக்கலாம். ஆனால் அதற்குரிய இடம் வேறு. கட்டுரை பேசாத ஒன்றை நீங்கள் இரண்டு வரிக்கு மேல் பேசத் தொடங்கிவிட்டால், எழுதுவதை நிறுத்தி, அதைத் தனிக் கட்டுரையாக எழுதி ஆசிரியர் குழுவிடம் கொடுங்கள். இதழுக்கு ஒரு படைப்புக் கூடும். பிறருடைய கட்டுரையும் காப்பாற்றப்படும். அதே பட்டியலில் ‘சென்று தேய்ந்து இறுதல்’ என்றொரு குற்றமும் உண்டு. முதல் வரியில் முழக்கமாகத் தொடங்கி, ‘மொத்தத்தில் நன்று’ என்று மெலிந்து முடியும் மறுமொழிகளைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு அதுவே நினைவுக்கு வருகிறது.

பிழை திருத்தும் மறுமொழிக்குத் தனிப் பக்குவம் வேண்டும். நம் வட்டாரத்தைப் பற்றிய எழுத்துகளில் அடிக்கடி காணும் பிழை ஒன்று உண்டு: ‘1956-க்கு முன் நாமெல்லோரும் சென்னை மாகாணத்தில் இருந்தோம்’ என்பது. பாலக்காடு நகரில் இருந்தவர்களுக்கு இது சரி. அந்நகரம் சென்னை மாகாணத்து மலபார் மாவட்டத்தைச் சேர்ந்திருந்தது. சித்தூர்ப் பகுதியோ கொச்சி சமஸ்தானத்தில் இருந்தது. 1949 ஜூலை முதல் நாளிலிருந்து திருவிதாங்கூர்–கொச்சியில் இருந்தது. 1956 நவம்பர் முதல் நாளில் கேரளத்துக்கு வந்தது. இதைத் திருத்த விரும்பும் ஒருவர், ‘வரலாறு தெரியாமல் எழுதியிருக்கிறீர்கள்’ என்று தொடங்கினால், எழுதியவர் அந்த வரிக்கு அப்பால் எதையும் படிக்கமாட்டார். ‘நீங்கள் சொல்வது பாலக்காட்டுக்குப் பொருந்தும், சித்தூர்ப் பகுதிக்கு இப்படி இருந்தது’ என்று, சரியாக உள்ள பகுதியை முதலில் ஒப்புக்கொண்டு, தவறு எங்கே தொடங்குகிறது என்று கோடு கிழித்துக் காட்டுவதே முறை. (சித்தூர் என்று மட்டும் எழுதினால் திருத்தணி, நகரிப் பக்கத்து வாசகர்கள் ஆந்திரத்துச் சித்தூரை நினைத்துக்கொள்வார்கள். நம் எழுத்து எல்லை தாண்டிப் போகும் என்றால், எந்தச் சித்தூர் என்று தெளிவாக்கும்படி கேட்பதும் பயனுள்ள மறுமொழிதான்.)

திருத்துகிறவர், தாம் சொல்வதற்கு ஆதாரம் தாம் கண்டதா, பிறர் சொல்லக் கேட்டதா, படித்ததா என்று வெளிப்படையாகச் சொல்லிவிட வேண்டும். தென்னை மரத்தில் கள் இறக்கும் தொழிலைப் பற்றிய ஒரு கட்டுரையில், தொழிலாளி நாளுக்கு இருமுறை மரம் ஏறுவதாக எழுதப்பட்டிருந்தது. அதற்கு வந்த மறுமொழி இன்றும் என் நினைவில் இருக்கிறது: ‘என் தந்தையாரோடு தோப்புக்குப் போய் வந்தவன் என்ற முறையில் எழுதுகிறேன். காலை, உச்சி, அந்தி என்று மூன்று ஏற்றம் உண்டு. உச்சிப் பொழுதில் கள் இறக்குவதில்லை. பாளையைத் தட்டிப் பக்குவப்படுத்துவதற்கு மட்டும் ஏறுவார்கள். நீங்கள் காலையிலும் மாலையிலும் வந்து பார்த்திருப்பீர்கள் என்று நினைக்கிறேன்.’ இந்தச் சில வரிகளில் ஆதாரம் இருக்கிறது, திருத்தம் இருக்கிறது, திருத்தத்துக்கான காரணம் இருக்கிறது. அதற்கும் மேலாக, பிழை எப்படி நேர்ந்திருக்கும் என்று எழுதியவருக்காகவே யோசித்த கனிவும் இருக்கிறது. கடைசி வரி இல்லாவிட்டாலும் செய்தி போய்ச் சேர்ந்திருக்கும். ஆனால் அந்த வரி இருந்ததால்தான், கட்டுரையாளர் மறுமொழி எழுதியவரைத் தேடிப் போய் மேலும் கேட்டுத் தெரிந்துகொண்டார்.

இனிக் கருத்து வேறுபாடு. நன்னூல் நூலாசிரியர்க்குரிய கொள்கைகளாக எழுவகை மதங்களைக் கூறுகிறது. பிறர் கருத்துக்கு உடன்படுதல், மறுத்தல், பிறர் கருத்தை முதலில் ஏற்றுக்கொண்டு பின்பு களைதல், தானே ஒன்றை நாட்டி அதை நிலைநிறுத்துதல், இருவர் மாறுபட்டுக் கூறியவற்றுள் ஒன்றைத் துணிதல், பிறர் நூலின் குற்றத்தைக் காட்டுதல், பிறர் கருத்தோடு சேராமல் தன் கருத்தையே கொள்ளுதல் என்பவை அவை. மறுமொழி எழுதுகிறவர்களில் பலர் ஆறாவதில் தொடங்கி ஆறாவதிலேயே நின்றுவிடுகிறார்கள். என் பரிந்துரை மூன்றாவது. எதிராளியின் கருத்தை, ‘ஆம், நான் சொன்னது இதைத்தான்’ என்று அவரே தலையசைக்கும்படி முதலில் உங்கள் சொற்களில் எழுதுங்கள். பிறகு அது எங்கே நில்லாது என்று காட்டுங்கள்.

எல்லையோரத் தமிழ்ப் பிள்ளைகளை மலையாள வழிப் பள்ளியில் சேர்ப்பதே நல்லது என்று ஒருவர் எழுதியிருக்கிறார், உங்களுக்கு அதில் உடன்பாடு இல்லை என்று கொள்வோம். ‘தாய்மொழியை விற்றுவிட்டீர்கள்’ என்று எழுதுவது எளிது. அதைவிட, ‘இம்மாநிலத்தில் அலுவலகமும் வேலைவாய்ப்பும் மலையாளத்தைச் சார்ந்திருப்பதால், அம்மொழியில் தடுமாறும் பிள்ளை பின்தங்கிவிடும் என்பது உங்கள் கவலை. அந்தக் கவலை எனக்கும் உண்டு. ஆனால் 2017-ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி மலையாளம் ஒரு பாடமாகப் பள்ளிகளில் கற்பிக்கப்பட வேண்டும் என்றிருக்கையில், கணக்கையும் அறிவியலையும் வீட்டு மொழியில் படித்துக்கொண்டே மலையாளத்தையும் தேறக் கற்க முடியாதா? முடியாது என்று நீங்கள் கருதினால், தடை பாடத்திட்டத்தில் இருக்கிறதா, ஆசிரியர் பற்றாக்குறையில் இருக்கிறதா என்று சொல்லுங்கள்’ என்று எழுதிப் பாருங்கள். வாதம் கூர்மையாகியிருப்பதோடு, மறுத்து எழுதுவதும் அவருக்கு எளிதாகியிருக்கும். மறுக்க முடியாதபடி எழுதுவதைவிட மறுக்கக்கூடியபடி எழுதுவதே மேல், ஏனென்றால் அப்போதுதான் உரையாடல் நகரும். பரிமேலழகர் தமக்கு உடன்பாடில்லாத உரைகளை ‘என்று உரைப்பாரும் உளர்’ என்று குறிப்பிட்டுவிட்டு, அது ஏன் பொருந்தாது என்பதற்கு நேராகச் சென்றுவிடுவார். அந்த உரைக்காரரின் குணத்தை ஆராய்ந்துகொண்டிருக்கமாட்டார். எழுத்தை விட்டு எழுதியவருக்குத் தாவும் வரி எதுவாக இருந்தாலும், அனுப்புவதற்கு முன் அடித்துவிடுங்கள்.

பாராட்டுவது தவறா என்று சிலர் கேட்கிறார்கள். தவறே இல்லை, காரணம் சொல்லாத பாராட்டுத்தான் வீண். பாராட்டிலும் இடம் சுட்டி, அந்த இடம் உங்களுக்கு என்ன செய்தது என்று எழுதினால், எழுதியவர் தம் கைவண்ணத்தில் எது பலிக்கிறது என்று தெரிந்துகொள்வார். குறிப்பாக, முதல்முறை எழுதும் இளைஞர்கள் தங்களுக்கு இயல்பாக வரும் நல்லதை அறியாமலே அடுத்த கட்டுரையில் கைவிட்டு, அலங்காரச் சொற்களைத் தேடிப் போய்விடுகிறார்கள். ‘பாட்டியின் பேச்சை அவர் பேசுவது போலவே எழுதியிருக்கிறீர்கள், அதை மாற்ற வேண்டாம்’ என்ற ஒரு வரி அவர்களைத் தடுத்து நிறுத்தும்.

எழுத்துப்பிழைகளை மறுமொழித் தாளில் எழுதாமல், ஒரு சீட்டில் குறித்து எழுதியவரிடம் தனியே கொடுப்பது நாகரிகம். பேச்சில் மலையாளச் சொல் கலந்திருப்பதைப் பிழை என்று அடிக்க வேண்டாம். கதையில் வரும் வேலந்தாவளத்துக் காய்கறி வியாபாரி அப்படித்தான் பேசுவார். கவிதைக்கு மறுமொழி எழுதும்போது, இந்த வரியை இப்படி மாற்றலாமே என்று நாமே எழுதிக் கொடுக்கும் ஆசையைக் கட்டுப்படுத்திக்கொள்ள வேண்டும். எந்த வரியில் தடங்கினீர்கள் என்று மட்டும் சொன்னால் போதும், வழியை எழுதியவர் கண்டுகொள்வார்.

விளிக்கும் முறையிலும் கவனம் வேண்டும். நம் பகுதியில் ஆசிரியர்களை மாஷ் என்றும் டீச்சர் என்றும் அழைப்பது வழக்கம். மறுமொழியிலும் அப்படியே எழுதலாம். மூத்தவர்களை ஐயா, அம்மா என்றும், அறிமுகமானவர்களை அண்ணா, அக்கா என்றும் எழுதுவதில் பிழையில்லை. வயதில் இளையவர் எழுதியிருந்தாலும் ‘நீ’ என்று எழுதாமல் ‘நீங்கள்’ என்றே எழுதுங்கள். ஊரார் அனைவரும் படிக்கும் தாளில் ஒருமை விளி, எவ்வளவு அன்போடு எழுதப்பட்டாலும், அறிவுரைத் தொனியைக் கொண்டுவந்துவிடும். பெயரும் ஊரும் இல்லாத மறுமொழியை எங்கள் வட்டம் இதழில் வைத்துக்கொள்வதில்லை. எந்த ஊரிலிருந்து எழுதுகிறீர்கள் என்பதே நீங்கள் சொல்வதன் எடையில் ஒரு பங்கு.

நீளத்துக்குக் கட்டாய அளவு இல்லை. ஆயினும் ஒரு பக்கத்துக்கு மேல் போனால் அது மறுமொழி என்ற நிலையைக் கடந்துவிடுகிறது. உங்கள் சொந்த அனுபவத்தைச் சொல்லும்போது, கட்டுரையின் எந்த வரியை அது தாங்குகிறது அல்லது அசைக்கிறது என்பதைச் சொல்லிவிட்டு அனுபவத்துக்குள் போங்கள். இல்லாவிட்டால் படிப்பவர் உங்கள் கதையைத்தான் படிப்பார், கட்டுரையை மறந்துவிடுவார். நீங்கள் முன்பு எழுதிய கட்டுரையை நினைவூட்டும் ‘இதைப் பற்றி நான் ஏற்கெனவே எழுதியிருக்கிறேன்’ என்ற வரி, அந்தக் கட்டுரையில் இங்கு உதவும் செய்தி ஏதாவது இருந்தாலொழிய வேண்டாம். இருந்தால் அந்தச் செய்தியையே எழுதிவிடுங்கள்.

எழுதிய அன்றே இதழை அடுத்தவரிடம் கொடுத்துவிடாமல், முதலில் தனித்தாளில் எழுதி ஓர் இரவு வைத்திருந்து, காலையில் படித்துப் பார்த்துவிட்டு இதழில் பெயர்த்தெழுதுங்கள். கோபத்தில் எழுதியவற்றில் பாதி காலையில் தானாகவே உதிர்ந்துவிடும். எழுதியவர் பதில் எழுதினால், அவர் ஒப்புக்கொண்டதை ஒப்புக்கொண்டார் என்று நீங்களும் ஒரு வரி எழுதி முடித்துக்கொள்ளுங்கள். உங்கள் பக்கம் தவறு என்று அவர் காட்டியிருந்தால் அதற்கும் அதே ஒரு வரி போதும். பதில் வரவில்லை என்றால் மறு இதழில் அதே கேள்வியை நினைவூட்ட வேண்டாம். நேரில் சந்திக்கும்போது கேட்டுக்கொள்ளலாம். அல்லது கேள்விக்கான விடையை நீங்களே தேடி எழுதலாம்.